பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விடுவதற்கு முன்: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே, வன்னியில் துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு குடும்பம் நொடிந்துபோனால் உறவுக்காரர் முதலில் சொல்வது, "பிள்ளையளை ஒரு இல்லத்தில விடு, படிச்செண்டாலும் வரட்டும்" என்பதுதான். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கடைசியாக யோசிக்க வேண்டியதை முதலில் யோசிப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

சிறுவர் இல்லங்களில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். நுண்கடன் தவணை, தாய் மத்திய கிழக்குக்குப் போனது, பாடசாலைக்குப் போக பஸ் இல்லாதது என்று காரணங்கள் வேறு. வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் சொல்கின்றன. அதனால், என்ன கிடைத்தால் இந்தப் பிள்ளை வீட்டிலேயே இருக்கும் என்று முதலில் கேளுங்கள். பதில் பல நேரம் ஒரு சைக்கிளாக இருக்கும். தாய் கூலி வேலையால் திரும்பும்வரை பிள்ளையைப் பார்க்க ஒரு ஆளாக இருக்கும். அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசும பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தால் பிரதேச செயலகத்தில் ஒரு மேன்முறையீடாக இருக்கும்.

வன்னியில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2009இல் போரின் கடைசியில் முள்ளிவாய்க்காலிலும், பிறகு இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களிலும் பிள்ளைகளாக நின்றவர்கள்தான் இன்று தாய் தகப்பன். போர்க்காலத்தில் புலிகளின் ஆட்சேர்ப்புக்குப் பயந்து அவசரமாகக் கட்டிவைக்கப்பட்ட சோடிகளும் உண்டு. பல திருமணங்கள் பதியப்படவில்லை. சிலர் தாங்களே இல்லத்தில் வளர்ந்தவர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கூப்பிட ஒரு அம்மாவோ பெரியம்மாவோ அவர்களுக்கு இல்லை. "பொறுப்பில்லாத தாய்" என்று ஊர் பேசும்போது இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவளுக்குத் துணை கொடுத்தால் பிள்ளை வீட்டில் நிற்கும். பிறப்புப் பதிவு விடுபட்டிருந்தால் காலங்கடந்தும் பதியலாம். கிராம அலுவலரிடம் போகும்போது கூடவே ஒருவர் போனால் அவளுக்குப் பெரிய தைரியம்.

தெரிந்த ஒருவர் சொன்னார் என்று பிள்ளையை நேரே ஒரு விடுதியில் ஒப்படைப்பதும் தவறு. முறையான வழி, சிறுவர் பராமரிப்பைக் கவனிக்கும் அரசின் நன்னடத்தை அலுவலர் ஊடாகவும் நீதவான் நீதிமன்றம் ஊடாகவும் போகிறது. சட்டமும் புதியதல்ல, 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம். நீதிமன்றம் பிள்ளையைப் பொருத்தமான ஒரு உறவினரின் பொறுப்பிலும் விடலாம் என்பது பலருக்குத் தெரியாது. அம்மம்மாவோ சித்தியோ பார்க்கத் தயாராக இருந்தால், அலுவலர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். ஆனால் அம்மம்மாவிடம் விட்டுவிட்டோம், இனிக் கவலை இல்லை என்று இருந்துவிடவும் கூடாது. வயதான மனுசிக்குக் காசும் வேண்டும், ஆறுதலும் வேண்டும்.

அண்ணனை ஒரு இல்லத்திலும் தங்கச்சியை வேறொரு இல்லத்திலும் விடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. ஆண், பெண் இல்லங்கள் தனித்தனி என்பதுதான் அதற்குக் காரணம். கூடப்பிறந்தவர்களை முடிந்தவரை பிரிக்கக் கூடாது.

சரி, எல்லாப் பிள்ளைக்கும் வீடு பாதுகாப்பா? இல்லை. குடும்பம் உடையக் கூடாது என்று சொல்லி அடியையும் பாலியல் துன்புறுத்தலையும் மூடிமறைப்பது மன்னிக்க முடியாத தவறு. மாமாவோ சித்தப்பாவோ யாராக இருந்தாலும் சரி, குடும்ப மானம் பார்க்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார். துன்புறுத்தியவர் வெளியேறித் தாயோடு பிள்ளை வீட்டில் இருக்க முடியுமா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உதவுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிறந்தநாளுக்கு இல்லத்தில் மதியச் சாப்பாடு கொடுத்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடுவதை விடுங்கள். அந்த முகங்களுக்கும் மானம் உண்டு. அப்புறம், காசு இல்லத்துக்கே போனால் சாப்பாடும் படிப்பும் அங்கேதான் கிடைக்கும் என்றாகி, ஏழைத் தாய்க்கு வேறு வழி தெரியாது. அதே காசை ஒரு குடும்பத்துக்கு மாதாமாதம் தவறாமல் அனுப்புங்கள், ஊரில் விசாரித்து உறுதிப்படுத்திக்கொண்டு.

ஏற்கெனவே இல்லத்தில் இருக்கும் பிள்ளையைத் திடீரென்று வீட்டுக்கு அனுப்புவதும் சரியல்ல. முதலில் தாய் வந்து பார்க்கட்டும். பிறகு விடுமுறைக்குப் போய் நிற்கட்டும். தூரம் அதிகமென்றால் பஸ் காசைக் கொடுத்துத் தாயை வரச் செய்யுங்கள். பிள்ளை வீட்டோடு வந்த பிறகு ஆறு மாதமாவது யாராவது போய்ப் பார்க்க வேண்டும். பாடசாலை மாற்றம், சாப்பாடு, பிள்ளையும் தாயும் ஒருவரோடு ஒருவர் கதைக்கிறார்களா என்பது வரைக்கும்.