பங்கில் பணி செய்ய விரும்புகிறீர்களா? தொடங்குவது இப்படி

உங்கள் கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகத்தில், திருப்பலியின் (பூசையின்) முடிவில் அறிவிப்பு வருகிறது: "வாசகர்கள் தேவை, மறைக்கல்விக்கு ஆசிரியர்கள் தேவை, விருப்பமுள்ளவர்கள் பங்குத்தந்தையைச் சந்திக்கவும்." கேட்டதும் பலர் குனிந்து செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். மனமில்லாமல் அல்ல. எங்கே போய் யாரிடம் என்ன சொல்வது, போனால் எதில் மாட்டிக்கொள்வோம் என்பது தெரியாமல்தான். அவர்களுக்காக இந்தப் பதிவு.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வையுங்கள். இது சாமியாருக்குச் செய்யும் உதவி அல்ல. பீடப்பணியாளர், வாசகர், பாடகர் குழுவினர் ஆற்றுவது உண்மையான திருவழிபாட்டுப் பணியே என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தன் திருவழிபாட்டு ஏட்டில் எழுதிவைத்துவிட்டது. ஒவ்வொருவரும் தமக்குரியதை முழுமையாகவும், தமக்குரியதை மட்டுமே செய்ய வேண்டும் என்றும் அதே ஏடு சொல்கிறது. இரண்டாவது பாதியைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

படி 1: முதலில் வேடிக்கை பாருங்கள்

சில ஞாயிறுகள் அரைமணி நேரம் முன்னதாகவே கோயிலுக்கு வாருங்கள். முடிந்ததும் உடனே கிளம்ப வேண்டாம். கதவைத் திறப்பது யார், மைக்கைச் சோதிப்பது யார், மெழுகுவர்த்தி மாற்றுவது யார், முதியவர்களைக் கைபிடித்து உட்காரவைப்பது யார், காணிக்கைப் பையை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரே மனிதர் மூன்று வேலைகளுக்கு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், பங்கின் உண்மையான தேவை அங்கேதான் இருக்கிறது. அறிவிப்பில் அது வராது.

படி 2: ஒரே ஒரு பணியைத் தேர்ந்தெடுங்கள்

ஆர்வத்தில் நான்கு குழுக்களில் பெயர் கொடுப்பவர் சில மாதங்களில் நான்கிலிருந்தும் காணாமல் போவார். ஒன்று போதும்.

கூட்டத்தின் முன் நிற்கத் தயக்கமா? வழிபாட்டுக்கான பாத்திரங்களும் உடைகளும் வைக்கும் திருப்பண்ட அறையில் வேலை இருக்கிறது. அங்கே துணி துவைப்பதற்குக்கூட முறை உண்டு. திருக்கிண்ணத்தைத் துடைத்த துணியையும் பீடத்தின் மேல் திருக்கிண்ணத்துக்கு அடியில் விரிக்கும் துணியையும் முதலில் கையால் தண்ணீரில் அலச வேண்டும். அந்த முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது. அதற்கென்றே கோயிலில் அமைந்த தொட்டியிலோ, கால் படாத இடத்தில் மண்ணிலோ ஊற்ற வேண்டும். அதன்பிறகே வழக்கமான சலவை. யாருமே பார்க்காத இந்த வேலையைச் சரியாகச் செய்ய ஓர் ஆள் கிடைப்பது பங்குத்தந்தைக்குப் பெரிய நிம்மதி.

கணக்கு வருமா? காணிக்கை எண்ணும் குழுவில் சேரலாம். தனியாக மட்டும் எண்ணாதீர்கள். ஒரே குடும்பத்தினராக இல்லாத இரண்டு பேராவது சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். சந்தேகத்தால் அல்ல, நாளைக்கு உங்கள் மேல் ஒரு சொல் வராமலிருக்க.

ஏழைகளைச் சந்திக்க விருப்பமா? 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை உங்கள் பங்கிலும் இருக்கலாம். உதவி தேவைப்படுவோரை வீட்டுக்கே சென்று பார்ப்பதுதான் அதன் அடிப்படை வேலை. மரியாயின் சேனை என்ற பொதுநிலையினர் இயக்கத்தில் வாராந்தரக் கூட்டம் கட்டாயம் என்பதால், வாரம் ஒரு மாலையை ஒதுக்க முடிகிறவர்கள் அதை நினைக்கலாம்.

பங்குப் பேரவையில் நேரே போய் உட்கார ஆசைப்படுபவர்களும் உண்டு. திருச்சபைச் சட்டப்படி அந்தப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. ஆலோசனை சொல்ல, பங்கைத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: பங்குத்தந்தையிடம் பேசுங்கள்

திருப்பலிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, அவர் திருவுடை அணிந்துகொண்டிருக்கும் நேரத்தில் வேண்டாம். தலையாட்டுவார், மறந்துவிடுவார். வாரநாளில் பங்கு அலுவலகத்துக்குப் போங்கள். "ஏதாவது உதவி வேண்டுமா, ஃபாதர்?" என்று பொதுவாகக் கேட்காமல் இப்படிச் சொல்லுங்கள்:

"ஃபாதர், நான் ஞாயிறு காலை இரண்டாம் பூசைக்கு வருகிறேன். மாதம் இரண்டு ஞாயிறு வாசகம் வாசிக்க முடியும். ஆறு மாதம் செய்து பார்க்கிறேன். யாரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்?"

எந்தப் பணி, எவ்வளவு நேரம், எத்தனை காலம் என மூன்றும் அதில் வந்துவிட்டன. கால வரம்பைச் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. சொல்லாதவர்கள்தான் பின்னால் சங்கடப்படுகிறார்கள்.

சில பணிகளுக்கு முன்நிபந்தனை உண்டு. நற்கருணை (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) வழங்கும் பணிக்கு உறுதிப்பூசுதல் என்ற அருளடையாளத்தைப் பெற்றிருக்க வேண்டும்; தனிப் பயிற்சியும் ஆயரின் அனுமதியும் தேவைப்படும். சிறுவர்களோடு பழகும் பணி என்றால் பாதுகாப்புப் பயிற்சி, பின்னணிச் சரிபார்ப்பு, பெரியவர் ஒருவர் குழந்தையோடு தனியறையில் இருக்கக்கூடாது என்ற விதி எல்லாம் வரும். "என்னையா சந்தேகப்படுகிறார்கள்?" என்று கோபப்படாதீர்கள். அந்த விதிகள் எதுவும் இல்லாத பங்குதான் கவலைக்குரியது.

படி 4: வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லாப் பணிக்கும் எழுத இடமில்லை. புதியவர்கள் அதிகம் கேட்கும் வாசகர் பணியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் பகுதியை முந்தின நாளுக்கும் முன்பே தேடி எடுங்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன: முதல் ஆண்டு மத்தேயு நற்செய்தி, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. எந்த ஆண்டு என்று குழம்பினால் ஆண்டு எண்ணை மூன்றால் வகுங்கள். மீதி 1 என்றால் முதல் ஆண்டு, 2 என்றால் இரண்டாம் ஆண்டு, மீதி இல்லையென்றால் மூன்றாம் ஆண்டு. 2026 முதல் ஆண்டு. கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறிலிருந்தே அடுத்த ஆண்டின் கணக்கு தொடங்கிவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பிறகு வாய்விட்டு வாசியுங்கள். கண்ணால் படித்தால் சிக்கல் தெரியாது. பெந்தகோஸ்து ஞாயிறின் முதல் வாசகத்தில் பார்த்தர், மேதியர், எலாமியர், கப்பதோக்கியா, பிரிகியா, பம்பிலியா என்று பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். அவற்றை இரண்டிரண்டாகப் பிரித்து, நிறுத்த வேண்டிய இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள் (உங்கள் நகலில், வாசக நூலில் அல்ல). புனித பவுலின் திருமுகங்கள் வேறு வகைச் சோதனை. உரோமையருக்கு எழுதியதன் முதல் ஏழு வசனங்கள் கிரேக்க மூலத்தில் ஒரே வாக்கியம்! அங்கே யார் யாரிடம் என்ன சொல்கிறார் என்பது உங்களுக்குப் புரியாவிட்டால், கேட்பவர்களுக்கு நிச்சயம் புரியாது.

அன்றைக்குச் செய்ய வேண்டியது: திருப்பலிக்கு முன்பே வாசக மேடைக்குப் போய் நூல் சரியான பக்கத்தில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மைக்கின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். வாசிக்கும் நேரம் வந்ததும் எல்லாரும் உட்கார்ந்து இருமல் அடங்கும்வரை பொறுத்து எழுந்து, பீடத்துக்குத் தாழ்ந்து வணங்கிவிட்டு மேடை ஏறுங்கள்.

"முதல் வாசகம்" என்ற தலைப்பையும், அதன் கீழே உள்ள சுருக்க வரியையும் வாசிக்க வேண்டாம். "இறைவாக்கினர் எசாயா நூலிலிருந்து வாசகம்" என்பதிலிருந்து தொடங்குங்கள். ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்துங்கள். உங்களுக்கே மெதுவாகத் தோன்றும் வேகம்தான் கடைசி வரிசைக்குச் சரியான வேகம். வாசகம் முடிந்ததும் மறுபடி ஒரு நிறுத்தம், அதன்பின் தலைநிமிர்ந்து, "ஆண்டவரின் அருள்வாக்கு." நிறுத்தாமல் சேர்த்துச் சொன்னால் அதுவும் வாசகத்தின் கடைசி வரியாகிவிடும்.

நாடகக் குரல் வேண்டாம். அழுத வாசகரை மக்கள் நினைவில் வைப்பார்கள், வாசகத்தை அல்ல.

நற்செய்தியை மட்டும் தொடாதீர்கள். திருப்பலியில் அது திருத்தொண்டருக்கோ குருவுக்கோ உரியது.

படி 5: பட்டியலுக்கு உண்மையாக இருங்கள்

பணிப் பட்டியலில் உங்கள் பெயர் வந்துவிட்டால் அது வாக்கு. வர முடியாதபோது பொறுப்பாளரிடம் "வர இயலவில்லை" என்று மட்டும் சொல்லி முடிக்காமல், மாற்று ஆளையும் நீங்களே பேசி வைத்துவிட்டுச் சொல்லுங்கள். திறமைக் குறைவை எந்தப் பங்கும் பொறுத்துக்கொள்ளும். சொல்லாமல் வராமலிருப்பதைப் பொறுப்பது கடினம்.

படி 6: பழைய ஆட்களோடு பழகுங்கள்

"எங்கள் காலத்திலிருந்தே இப்படித்தான்" என்று ஒருவர் சொல்வார். எந்தப் பங்கிலும் அவர் இருப்பார். முதல் சில மாதங்கள் எந்த மாற்றத்தையும் முன்மொழியாதீர்கள். பூச்சாடி ஏன் அந்த மூலையில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பல நேரங்களில் நல்ல காரணம் இருக்கும். காரணமே இல்லாவிட்டாலும், கேட்டவருக்குப் பின்னால் அதை நகர்த்தும் உரிமை கிடைக்கும்.

படி 7: விலகும் முறையையும் அறிந்துகொள்ளுங்கள்

சொன்ன காலம் முடிந்ததும் பங்குத்தந்தையைப் பார்த்து, தொடர்கிறீர்களா இல்லையா என்று தெளிவாகச் சொல்லுங்கள். உடல்நலம், வேலை, குழந்தைகளின் தேர்வு என எந்தக் காரணமும் போதும். சோர்வும் ஒரு காரணமே. ஒரு மாதம் முன்னதாகச் சொன்னால், அடுத்து வருபவரை உங்கள் பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுக்க நேரம் கிடைக்கும். அதன்பிறகு திருப்பண்ட அறைச் சாவி, தொடர்பு எண்கள் எழுதிய நோட்டு, மிச்சமிருக்கும் பணம், ரசீதுகள் ஆகியவற்றை எழுத்தில் கணக்கு வைத்து அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.