வேர்ட்பிரஸ் தளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேர்ட்பிரஸ் என்பது இணையதளம் உருவாக்க உதவும் மென்பொருள். அதில் தளம் தொடங்கும் பலர் வேர்ட்பிரஸ்.ஆர்க், வேர்ட்பிரஸ்.காம் இரண்டையும் ஒன்றென்று எண்ணிப் பணம் கட்டிவிடுகிறார்கள். முதலாவதில், 2003 முதல் வெளிவரும் இந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். ஹோஸ்டிங்கை, அதாவது தளத்தை வைக்க சர்வரில் வாடகை இடத்தை, நாம்தான் தேட வேண்டும். இரண்டாவது, ஆட்டோமேட்டிக் நிறுவனத்தின் ஹோஸ்டிங் சேவை. சர்வரை அவர்களே கவனிப்பார்கள். எந்த வசதி கிடைக்கும் என்பதை நாம் எடுக்கும் திட்டம் தீர்மானிக்கும்.

சிறிய தளத்துக்கு, ஒரே சர்வரைப் பலர் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங் போதும். விலை குறைவாக இருக்கிறதே என்று, நாமே நிர்வகிக்க வேண்டிய தனி மெய்நிகர் சர்வரான வி.பி.எஸ். எடுத்தால் லினக்ஸ் அப்டேட், ஃபயர்வால், பேக்கப் எல்லாம் நம் தலையில் விழும். ‘அன்லிமிடெட்’ என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். ஃபைல்களின் எண்ணிக்கைக்குப் பெரும்பாலும் வரம்பு உண்டு. ஒரு படத்தை ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதைப் பல அளவுகளில் வெட்டிச் சேமிப்பதால் அந்த வரம்பு சீக்கிரமே நிறைந்துவிடும். டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, வடிவமைப்பாளரின் கணக்கில் பதியவிடாதீர்கள். உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும்.

தளத்தின் ஃபோல்டரை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு பேக்கப் எடுத்தாயிற்று என்று இருந்துவிடுவது பெரிய ஆபத்து. கட்டுரைகள் இருப்பது டேட்டாபேஸில். படங்கள் அப்லோட்ஸ் ஃபோல்டரில். இரண்டும் வேண்டும். டொமைன் மாறும்போது டேட்டாபேஸ் கோப்பைத் திறந்து பழைய முகவரியை நேரடியாக மாற்றுவதும் கூடாது. தீம் (தளத்தின் தோற்றம்), பிளகின் (கூடுதல் வசதி) ஆகியவற்றின் அமைப்புகள் பலவற்றில் ஒவ்வொரு சொல்தொடருக்கும் முன்னால் அதன் நீளமும் எண்ணாகப் பதிவாகியிருக்கும். முகவரி நீண்டாலோ குறுகினாலோ அந்த எண் பொருந்தாமல் அமைப்புகள் காணாமல் போகும். வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் தேடி மாற்றும் கட்டளை நீளத்தையும் சேர்த்தே திருத்தும்.

படம் ஏறவில்லை என்றதும் ஃபோல்டருக்கு 777 என்ற அனுமதி எண்ணைக் கொடுப்பவர்கள் சர்வரில் உள்ள எவருக்கும் எழுத வழிவிடுகிறார்கள். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 போதும். பிரச்சினை பெரும்பாலும் உரிமையாளர் கணக்கு மாறியிருப்பதில்தான் இருக்கும்.

தமிழில் எழுதுவோர் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஸ்லக், அதாவது பதிவின் முகவரிப் பகுதி. அதற்கு டேட்டாபேஸில் 200 இடங்களே உண்டு. ஒவ்வொரு தமிழ்க் குறியும் அங்கே 9 இடம் பிடிக்கும். புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனிக் குறிகள். ‘தமிழ்நாடு’ என்ற ஒரு சொல்லுக்கே 81 இடம் போய்விடும். 22 குறிகளுக்கு மேல் போனால், முகவரியில் தலைப்பு வெட்டுப்படும். ஒரே மாதிரி தொடங்கும் தலைப்புகளின் முகவரிகளில் 2, 3 என்று எண்கள் ஒட்டிக்கொள்ளும். வெளியிடும் முன்பே இரண்டு மூன்று சொற்களில் ஆங்கில எழுத்தில் ஸ்லக்கை மாற்றுங்கள். பிறகு மாற்றினால், பதிவுகளின் பழைய முகவரியை வேர்ட்பிரஸ் தானே புதியதற்குத் திருப்பிவிடும். பக்கங்களுக்கு அப்படிச் செய்யாது, திருப்பிவிடும் விதியை நாமே எழுத வேண்டும்.