தானியங்கி மதிப்பீட்டுக் காலத்தில் வரித் தொழில் நடத்துவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வரித் தொழில் தொடங்க விரும்பும் இளையவர்கள் என்னைப் பார்க்க வந்தால், பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "சார்ஸே கணக்கைப் போட்டு அனுப்பிவிடுகிறதே அக்கா, இனி நமக்கு என்ன வேலை?" (சார்ஸ் என்பது இந்நாட்டு வரித்துறை.) வேலை இருக்கிறது. முன்பு இருந்ததைவிடப் பொறுப்பான வேலை இருக்கிறது. சாட்ஸ்வர்த்தில் பங்களாதேஷ் சந்தைக்குப் பக்கத்தில் அலுவலகம் வைத்து, சம்பளக்காரர்கள், ஓய்வூதியக்காரர்கள், சிறு கடைக்காரர்கள் ஆகியோருக்குக் கணக்குப் பார்த்து வருகிறேன். இந்தத் தொழிலை இன்று எப்படி நடத்த வேண்டும் என்று நான் நினைப்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பதிவு. கட்டணம் வாங்கிக்கொண்டு பிறருக்கு வரிப்படிவம் நிரப்பித் தருகிறவர், வரி நிர்வாகச் சட்டத்தின் 240ஆம் பிரிவின்படி, அங்கீகரிக்கப்பட்ட தொழில் அமைப்பு ஒன்றிலும் சார்ஸிலும் பதிந்திருக்க வேண்டும். சாய்கா, சாய்பா போன்ற கணக்காளர் சங்கங்கள் அத்தகைய அமைப்புகள். உங்களுடைய சொந்த வரிக் கணக்கில் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. இதை முடிக்காமல் பெயர்ப்பலகை மாட்டாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2020இல் தொடங்கிய தானியங்கி மதிப்பீடு ஒவ்வோர் ஆண்டும் விரிந்துகொண்டே போகிறது. முதலாளி, வங்கி, மருத்துவத் திட்டம், ஓய்வூதிய நிதி ஆகிய எல்லோரும் அனுப்பும் விவரங்களைச் சேர்த்து சார்ஸ் தானே வரியைக் கணக்கிட்டுக் குறுஞ்செய்தி அனுப்பிவிடுகிறது. 2025இல் இது ஜூலை 7 முதல் 20 வரை நடந்தது. மாரியம்மன் கோயில்களில் ஆடிக் கஞ்சி வார்க்கும் நாட்களை ஒட்டித்தான் என் அலுவலகத்திலும் கூட்டம் சேர்கிறது. எல்லோர் கையிலும் கைபேசி, எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: "இது சரியா?"

அந்தக் கேள்விக்கு எண்களை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. சார்ஸுக்குப் பிறர் அனுப்பியது மட்டும்தான் அதில் இருக்கும். அனுப்பப்படாதது எது என்று வாடிக்கையாளரை உட்காரவைத்துக் கேட்பதுதான் இன்று நம் தொழில்.

ஒரு விற்பனைப் பிரதிநிதியை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் முழுவதும் ஸ்டாங்கருக்கும் போர்ட் ஷெப்ஸ்டனுக்கும் சொந்தக் காரில் ஓடுகிறவர். முதலாளி தரும் வருமானச் சான்றிதழான அவருடைய ஐஆர்பி 5இல் 3701 என்ற குறியீட்டுக்கு எதிரே பயணப்படி இருக்கும். தானியங்கி மதிப்பீடு அந்தப் படியை வருமானமாகச் சேர்த்துக்கொள்ளும். அவர் உண்மையில் எத்தனை கிலோமீட்டர் அலுவலக வேலையாக ஓடினார் என்பது அதற்குத் தெரியாது. அந்தக் கழிவைக் கேட்டு வாங்கப் பயணக் குறிப்பேடு வேண்டும். வரி ஆண்டு தொடங்கும் மார்ச் 1 காலையில் ஓடோமீட்டர் காட்டிய எண், அது முடியும் பிப்ரவரி கடைசி நாளில் காட்டிய எண், இடையில் ஒவ்வோர் அலுவல் பயணத்துக்கும் தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், என்ன காரியம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து அலுவலகம் போவது சொந்தப் பயணம். அது கணக்கில் சேராது. ஜூலையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய குறிப்பேட்டை ஒருபோதும் ஏற்காதீர்கள். மழை பெய்த நாள், விடுமுறை நாள் எல்லாவற்றிலும் ஒரே நீல மையில் ஒரே கையெழுத்தில் இருக்கும் அந்த ஏட்டைச் சரிபார்ப்பவர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார். அதற்குப் பதிலாக, பிப்ரவரி கடைசி நாளில் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்று இரவு ஓடோமீட்டரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி வையுங்கள்."

அடுத்து முதியவர்கள். 65 வயது நிறைந்தவர் கையிலிருந்து செலவிட்ட தகுதியான மருத்துவச் செலவில் 33.3 விழுக்காடு வரிச் சலுகையாகக் கிடைக்கும். காது கேட்கும் கருவிக்கும், மருத்துவர் எழுதிக் கொடுத்து மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைகளுக்கும் சேர்த்து 9,000 ராண்ட் செலவழித்த ஒரு மூதாட்டிக்கு ஏறக்குறைய 3,000 ராண்ட் வரி குறையும். ஆனால், மருத்துவத் திட்டத்துக்கு அனுப்பாத ரசீது சார்ஸுக்கு எப்படித் தெரியும்? அவருடைய கைப்பைக்குள் மடித்து வைத்த காகிதத்தில்தான் அது இருக்கிறது. கேளுங்கள். அவருக்குக் கட்ட வேண்டிய வரியே இல்லையென்றால் இந்தச் சலுகையால் பணம் திரும்பாது என்பதையும் அன்போடு சொல்லிவிடுங்கள். வீணாக அலைய வேண்டாம்.

வாடிக்கையாளருக்குச் சாதகமானதை மட்டும் தேடுவது தொழில் ஆகாது. சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பின்கட்டில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகள் ஏராளம். அந்த வாடகை எந்தத் தானியங்கி மதிப்பீட்டிலும் வராது. "சார்ஸே சரியென்று சொல்லிவிட்டதே" என்று வாதாடுவார்கள். வாடகை வருமானம்தான், அறிவித்தே ஆக வேண்டும். அதற்கு எதிராகப் பழுதுபார்ப்பு, நகராட்சி வரி, வீட்டுக் கடன் வட்டி ஆகியவற்றில் அந்த அறைகளின் பரப்புக்கு உரிய பங்கைக் கழிக்கலாம் என்று விளக்கினால் பெரும்பாலானவர்கள் சம்மதிக்கிறார்கள். சம்மதிக்காதவரின் கோப்பை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நீங்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தானியங்கி மதிப்பீடு தவறென்றால் ஆட்சேபணை எழுத வேண்டியதில்லை. சார்ஸின் இணையத் தளமான இ-ஃபைலிங்கில் படிவத்தைத் திருத்தி, கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தால் போதும்.

கோயில் நன்கொடை பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களிடம் இதில் குழப்பம் அதிகம். தைப்பூசக் காவடிக்குக் கொடுத்த பணத்தின் ரசீதைக் கொண்டுவந்து கழிவு கேட்பார்கள். கழிவுக்கு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படியான சான்றிதழ் வேண்டும். சமய வழிபாடு அந்தப் பிரிவில் இல்லை. கல்வி, மருத்துவம், ஏழைகள் நலம் போன்றவை இருக்கின்றன. ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் பணிக்கென்று கோயில் தனியாக 18ஏ ஒப்புதல் வாங்கியிருந்தால், அந்தப் பணிக்குக் கொடுத்ததைக் கழிக்கலாம். வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை. உங்கள் ஊர்க் கோயில் பொருளாளருடன் ஒரு மாலை உட்கார்ந்து இதை விளக்குங்கள். கோயிலுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

சட்ட மாற்றங்களைச் செய்தித் தலைப்பை வைத்துப் பின்தொடராதீர்கள். 2025 மார்ச் 12ஆம் தேதி வரவுசெலவுத் திட்டத்தில் வாட் வரியை மே 1 முதல் 15 விழுக்காட்டிலிருந்து 15.5 ஆக உயர்த்துவதாக அறிவித்தார்கள். கடைக்காரர்கள் கல்லாப்பெட்டி மென்பொருளை மாற்றினார்கள், விலைச்சீட்டு அச்சடித்தார்கள். ஏப்ரல் 24ஆம் தேதி அந்த உயர்வு கைவிடப்பட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் நம் கடமை, வாடிக்கையாளரின் மென்பொருளில் வரி விகிதம் ஒரே இடத்தில் இருக்கும்படி முன்கூட்டியே அமைத்து வைப்பது. அப்போது ஓர் எண்ணை மாற்றினால் எல்லாம் மாறும், திரும்பவும் மாற்றலாம். நான் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே அறிவித்த தேதி, சட்டமான தேதி, நடைமுறைக்கு வரும் தேதி என்று மூன்றையும் எழுதுவேன். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் வரை யாரிடமும் பணம் செலவழிக்கச் சொல்வதில்லை.

2024 செப்டம்பர் 1 முதல் ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பகுதியிலிருந்து பணம் எடுக்கலாம் என்ற மாற்றம் வந்தபோதும் பலர் அவசரப்பட்டார்கள். எடுத்த தொகை அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து உயர்ந்த வரிப் படிக்குப் போகலாம், பழைய வரிப் பாக்கி இருந்தால் அதுவும் பிடிக்கப்படும் என்பதை எடுப்பதற்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

தொழில்நுட்பத்தில் எனக்கு முதல் கவலை கடவுச்சொல். வாடிக்கையாளரின் இ-ஃபைலிங் கடவுச்சொல்லை வாங்கி ஏட்டில் எழுதி வைக்கும் பழக்கத்தை ஒழித்துவிடுங்கள். ஆலோசகர் கணக்கிலிருந்து அனுமதி கேளுங்கள். அவருக்கு ஓடிபி வரும், அவரே ஒப்புதல் தரட்டும். அவருடைய கணக்கில் அவருடைய கைபேசி எண்தான் இருக்க வேண்டும், உங்களுடையது அல்ல. மோசடிக்காரர்கள் கணக்கைக் கைப்பற்றி, வங்கி விவரத்தை மாற்றி, பொய்யான திரும்பத்தொகையை (ரீஃபண்டை) எடுத்துப் போகிறார்கள். தன் கைபேசிக்கு எச்சரிக்கை வருகிறவர்தான் அதை உடனே அறிவார். அடையாள அட்டைப் படங்களை வாட்ஸ்அப்பிலேயே விட்டுவைக்காதீர்கள். பூட்டிய கோப்புறைக்கு மாற்றி, உரையாடலிலிருந்து அழித்துவிடுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நம்மைப் போன்ற சிறு அலுவலகங்களையும் கட்டுப்படுத்துகிறது.

ஆவணங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்திலும் 2022 ஏப்ரல் வெள்ளத்திலும் இந்த மாகாணத்தில் எத்தனையோ கடைகள் காகிதத்தோடு போயின. ஆவணம் வந்த அன்றே ஸ்கேன் செய்து, இணையச் சேமிப்பில் ஒரு படி, வேறு இடத்தில் ஒரு படி வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவை நான் பயன்படுத்துகிறேன்: நீண்ட வங்கி அறிக்கையை வகைப்படுத்த, கடிதத்தின் முதல் வரைவை எழுத. சட்டப் பிரிவுக்கும் தீர்ப்புக்கும் அதை நம்புவதில்லை. 2025 ஜனவரியில் நம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில், வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டிய தீர்ப்புகளில் பல எங்குமே இல்லாதவை என்று தெரியவந்து, நீதிபதி கடுமையாகக் கண்டித்தார். நாம் எழுதும் ஆட்சேபணையிலும் அதே ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு பிரிவையும் சட்ட நூலில் திறந்து பாருங்கள். வாடிக்கையாளர் பெயரையும் வரி எண்ணையும் அந்தக் கருவிகளில் தட்டச்சு செய்யாதீர்கள்.

சார்ஸிடமிருந்து சரிபார்ப்புக் கடிதம் வந்தால், பதில் ஆவணங்களை அனுப்ப 21 வேலை நாட்கள் இருக்கின்றன. முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். ஆட்சேபணைக்கு 2023 முதல் 80 வேலை நாட்கள். ஆனால் ஆட்சேபணை கொடுத்ததால் வசூல் நின்றுவிடாது. கட்டுவதை நிறுத்திவைக்கக் கோரும் விண்ணப்பத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். பலர் இதை மறந்து, வழக்கு நடக்கும்போதே வங்கிக் கணக்கிலிருந்து பணம் பிடிக்கப்பட்டு அழுதுகொண்டு வருகிறார்கள்.

கட்டணத்தைத் திரும்பத்தொகையில் விழுக்காடாக வாங்காதீர்கள். அப்படி வாங்கினால் கழிவைப் பெரிதாக்கும் ஆசை தானாக வந்துவிடும். வேலைக்கு இவ்வளவு என்று எழுதிச் சுவரில் மாட்டுங்கள். ஓய்வூதியம் மட்டும் வாங்கும் முதியவர்களின் தானியங்கி மதிப்பீட்டைப் பார்த்துச் சொல்வதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை. சிறிது நேர வேலைதான் அது; அவர்களுடைய பிள்ளைகள் கடைக் கணக்கோடு பிறகு வருகிறார்கள்.