சிறு பாலைவனக் கள்ளியைத் தொட்டியில் வளர்க்கும் முறை

தொட்டியில் வளரும் சிறு கள்ளிகள் தண்ணீர் இல்லாமல் சாவது அரிது. ஈரம் வடியாத மண்ணில் வேர் அழுகிச் சாவதே மிகுதி. பெரும்பாலான செடிகள் பகலில் நுண்துளைகளைத் திறந்து காற்றை உள்ளே எடுக்கின்றன; கள்ளியோ வெயில் தணிந்த இரவில்தான் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே எடுத்து, அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்குகிறது. இதனால் அது இழக்கும் நீர் மிகக் குறைவு. நாம் ஊற்றிய நீர் செலவாகாமல் மண்ணிலேயே தேங்கும்போது, மண்துகள்களுக்கு இடையே காற்று இல்லாமல் போய் வேர்கள் மூச்சுத் திணறுகின்றன; அதன்பின் பூஞ்சை நுழைகிறது. கள்ளிப் பராமரிப்பின் பல விதிகள் இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கின்றன.

முதன்முறையாக வளர்ப்பவர்களுக்கு மாமிலேரியா, ரெபூட்டியா, ஜிம்னோகாலிசியம் ஆகிய இனங்கள் ஏற்றவை. இவை சிறியவை, இளம் வயதிலேயே பூப்பவை. சிவப்பு அல்லது மஞ்சள் உருண்டையைப் பச்சைத் தண்டின்மேல் ஒட்டுக்கட்டி விற்கும் செடிகளை நான் முதல் செடியாகப் பரிந்துரைப்பதில்லை. அந்த உருண்டையில் பச்சையம் இல்லாததால் அது அடித்தண்டின் உணவையே நம்பி வாழ்கிறது. பல செடிகள் சில ஆண்டுகளுக்குமேல் நிலைப்பதில்லை. உலர்ந்த பூவைப் பசையால் ஒட்டி விற்பதும் உண்டு என்பதால், வாங்குமுன் பூவின் அடிப்பகுதியைக் கூர்ந்து பாருங்கள்.

தொட்டியின் அடியில் துளை இருந்தே ஆகவேண்டும். செடியின் விட்டத்தைவிடச் சற்றே அகலமான, பக்கங்களிலும் ஈரத்தை வெளிவிடும் சுட்ட மண் தொட்டி சிறந்தது. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நெடுநாள் நனைந்தே கிடக்கும். மண்கலவையில் பாதிக்கு மேல் பெர்லைட் (சூட்டில் பொரிந்த எரிமலைக் கண்ணாடித் துகள்), பியூமிஸ் (நுண்துளைகள் நிறைந்த லேசான எரிமலைக் கல்), கழுவிய பருமணல், சிறு சரளை போன்ற கனிமப் பொருள்கள் இருக்கட்டும். மீதி நன்கு மக்கிய தொழுவுரமோ இலைமக்கோ போதும். மென்மணலைத் தவிர்த்துவிடுங்கள், அது இடைவெளிகளை அடைத்து மண்ணை இறுகச் செய்யும். தொட்டியின் அடியில் கல்லடுக்குப் போட்டால் நீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகின்றனர். உண்மையில் நுண்ணிய மண் நீரால் நிறையும்வரை நீர் கீழுள்ள கல்லடுக்குக்குள் இறங்குவதில்லை. ஈரம் வேருக்கு இன்னும் அருகில் வந்து நிற்கிறது. எனவே மேலிருந்து கீழ்வரை ஒரே கலவையாக நிரப்புவதே சரி.

தண்ணீருக்கு நாள்கணக்கு வைக்க வேண்டாம். மெல்லிய மரக்குச்சியை அடிவரை செருகி எடுத்துப் பாருங்கள். அது முற்றிலும் உலர்ந்து வந்தால் மட்டுமே, துளைவழியே வழியும்வரை தாராளமாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தினம் ஒரு கரண்டி தெளிப்பது இரட்டைத் தீங்கு: மேல்மண் எப்போதும் ஈரமாக, ஆழத்து வேர்கள் வறண்டே இருக்கும். வளர்ச்சிப் பருவத்தில் மாதம் ஒருமுறை, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்த உரத்தைப் பாதி அளவாக நீர்த்துக் கொடுக்கலாம்.

வெளிச்சம் குறைந்தால் கள்ளி உச்சியில் மெலிந்து, வெளிறி, ஒளியை நோக்கி நீண்டுவிடும். அப்படி நீண்ட பகுதி பின்னர் பருக்காது. நாள்தோறும் நான்கு முதல் ஆறு மணி நேர வெயில் பெரும்பாலான இனங்களுக்குப் போதும், ஜிம்னோகாலிசியம் சற்று நிழலையும் பொறுக்கும். நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் கடும் வெயிலுக்கு மாற்றினால் தோல் வெந்து, ஆறாத வெளிர்த் தழும்பு விழும். இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகப் பழக்குங்கள்.

பூ வேண்டுமானால் ஓய்வு கொடுங்கள். குளிர்காலத்தில் 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், நல்ல வெளிச்சத்தில், ஏறத்தாழ நீரே இல்லாமல் சில மாதங்கள் இருக்கும் மாமிலேரியா, அடுத்த பருவத்தில் உச்சியைச் சுற்றி வளையமாகப் பூக்கும். அந்தக் காலத்தில் உடல் சற்றுச் சுருங்குவது இயல்பே. அதைப் பார்த்து இரங்கி நீர் ஊற்றிவிடாதீர்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் ஆபத்து. குளிர்காலம் இல்லாத இடங்களில், வெப்பம் மிகக் குறைந்த மாதங்களில் நீரைக் குறைத்தாலே ஓரளவு பயன் கிடைக்கும்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, வளர்ச்சி தொடங்கும் வேளையில் தொட்டி மாற்றுங்கள். மண் உலர்ந்திருக்கும்போது, மடித்த செய்தித்தாளைச் செடியைச் சுற்றிப் பிடித்து எடுத்தால் முள் கையிலும் தைக்காது, முறியவும் செய்யாது. அறுபட்ட வேர்கள் ஆறுவதற்காக ஒரு வாரம் கழித்தே நீர் விடுங்கள்.

முட்களின் இடுக்கில் பஞ்சுபோன்ற வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அவை மாவுப்பூச்சிகள்; 70 விழுக்காடு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் மாலை வேளையில் துடைத்து, வாரந்தோறும் மீண்டும் பாருங்கள். காரணமின்றி வளர்ச்சி நின்ற செடியின் வேரையும் பாருங்கள், அங்கும் அவை ஒளிந்திருக்கும். அடிப்பகுதி பழுப்பேறி மிருதுவானால் அது அழுகல். காத்திருக்காமல், சுத்தமான கத்தியால் உள்சதை முழுதும் பசுமையாகத் தெரியும்வரை மேல்நோக்கி வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் கத்தியை ஆல்கஹாலால் துடையுங்கள். எஞ்சிய தலையை நிழலில் ஓரிரு வாரம் வைத்து, வெட்டுமுகம் காய்ந்து கெட்டியானபின், உலர்ந்த கனிமக் கலவையின்மேல் நிறுத்தி, புது வேர் தென்பட்ட பிறகே தண்ணீர் கொடுங்கள்.