ஸாத்தர் பொடி வாங்கினால் இப்படிச் சாப்பிட்டுப் பாருங்கள்

பாலஸ்தீன வீடுகளில் காலை உணவு என்றால் இரண்டு சின்னக் கிண்ணங்கள் கட்டாயம் இருக்கும், ஒன்றில் ஆலிவ் எண்ணெய், இன்னொன்றில் ஸாத்தர் என்ற வாசனை மூலிகையின் காய்ந்த இலையை எள்ளோடு கலந்த ஸாத்தர் பொடி. ரொட்டியை முதலில் எண்ணெயில் தோய்த்து அப்புறம்தான் பொடியில் ஒற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் பொடி ஒட்டாது, எண்ணெய்க் கிண்ணமும் கலங்கிவிடும்.

கடையில் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். காய்ந்த ஸாத்தர் இலை, வறுத்த எள், புளிப்புக்குச் சுமாக் (ஒருவகைச் சிவப்புப் பழத்தின் பொடி), உப்பு, இவ்வளவு இருந்தாலே போதும். கோதுமைத் தூளும் சிட்ரிக் அமிலமும் சேர்த்து மலிவாக விற்பதை நான் வாங்கவே மாட்டேன். வீட்டில் எண்ணெயை மொத்தப் பொடியிலும் கலந்து வைக்காதீர்கள், எள் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, ரொட்டி மேல் தடவிச் சுடும் அன்றைக்கு மட்டும் தேவையான அளவு எடுத்துக் குழைத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி கூடும் என்று நம்பி இதைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் அங்கே உண்டு. மலைச்சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகப் பறித்துவந்த ஸாத்தர் செடியை 1977இல் இஸ்ரேல் பாதுகாக்கப்பட்ட தாவரமாக அறிவித்தது, அதன் பிறகு பறித்தவர்களுக்கு அபராதம் விழுந்தது. அதனால் பலர் வயலிலேயே பயிரிடத் தொடங்கினார்கள். முடிந்தால் பாலஸ்தீன விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் அனுப்பும் ஸாத்தரையே தேடி வாங்குங்கள்.