கணக்கு எழுத எக்ஸெலா, ஆன்லைன் மென்பொருளா? குமரி மாவட்டச் சிறு தொழிலுக்கு ஒரு செய்முறை

மார்த்தாண்டத்தில் தேனைப் பாட்டிலில் அடைத்து விற்கும் ஒருவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ரப்பர் துளிர்க்கும் மாதங்களில் தேனீ வளர்ப்பவர்களிடம் மொத்தமாகத் தேன் எடுப்பார். வருடம் முழுக்க அதைச் சில்லறையாக விற்பார். தக்கலை, நாகர்கோவில் கடைகளுக்குக் கடனுக்குக் கொடுப்பார். சில பெட்டிகள் களியக்காவிளை தாண்டிக் கேரளத்தின் பாறசாலைக்கும் போகும். நோட்டிலிருந்து கணினிக்கு மாறும்போது எல்லோரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேளுங்கள். சரக்கு எங்கே போகிறது, பில் யார் போடுகிறார் என்ற இரண்டையும் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

படி 1: எல்லை தாண்டுகிறீர்களா?

தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்பவருக்கு, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் வரி உள்ள சரக்கைக் கேரளத்துக்கு விற்றால் அந்த வரம்பு உதவாது, பதிவு எடுத்தே ஆக வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய முறை) இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவே முடியாது. திருவனந்தபுரம் நமக்குப் பக்கத்துச் சந்தை என்பதால் இதை முதல் நாளே யோசிக்க வேண்டியிருக்கிறது.

லேபிள் ஒட்டிய பாட்டில் தேனுக்கு வரி 5 சதவீதம். தக்கலைக் கடைக்குப் போடும் பில்லில் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 2.5, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 2.5 என்று பிரியும். பாறசாலைக் கடைக்கு ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி) 5 என்று ஒரே வரியாக வரும். வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம். நல்ல மென்பொருள் இதைப் பார்த்துத் தானாகவே வரியைப் பிரிக்கும். எக்ஸெலில் ஒவ்வொரு பில்லுக்கும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். மாற்றிக் கட்டிவிட்டால் சரியான வரியை மறுபடி கட்டிவிட்டு, முதலில் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதனால் கேரளத்துக்கு மாதாமாதம் பில் போடுபவர் படி 2-ஐ விட்டுவிட்டு மென்பொருளுக்கே போகலாம் என்பது என் கருத்து.

படி 2: எக்ஸெல் போதும் என்றால்

எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. ஒரே ஷீட்டில் தேதி, பில் எண், கடை பெயர், விவரம், வரவு, செலவு, பணம் வந்த வழி என்று தலைப்புகள் போடுங்கள். ஒரு வரிக்கு ஒரு நடவடிக்கைதான். மாதத்துக்கு ஒரு ஷீட் வேண்டாம், பிறகு கூட்ட முடியாமல் திண்டாடுவீர்கள்.

கடை பெயரைக் கையால் அடிக்காதீர்கள். டேட்டா வேலிடேஷனில் ஒரு பட்டியல் வைத்து அதிலிருந்து தேர்ந்தெடுங்கள். ஒரே கடை இரண்டு எழுத்துக்கூட்டலில் ஏறினால் பாக்கியும் இரண்டாக உடையும். கடனுக்குக் கொடுத்த பில்லில் பணம் வந்த வழியை ‘கடன்’ என்று குறியுங்கள். பணம் கைக்கு வந்ததும் அந்த வரியைத் திருத்தாமல் புது வரி ஒன்றில் ‘வசூல்’ என்று எழுதுங்கள். அப்புறம் சம்இஃப்ஸ் (SUMIFS, சொன்ன நிபந்தனைக்குப் பொருந்தும் தொகைகளை மட்டும் கூட்டுவது) ஃபார்முலாவில் கடனைத் தனியாகவும் வசூலைத் தனியாகவும் கூட்டிக் கழித்தால் கடைவாரி பாக்கி வந்துவிடும்.

மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். இதைச் செய்யாத கணக்கை எதில் எழுதினாலும் நம்ப முடியாது.

படி 3: மாற வேண்டிய நேரம்

பில் போட இரண்டாவது ஆள் வந்துவிட்டாரா? சரக்கு இருப்பு தாளில் ஒன்றும் அறையில் ஒன்றுமாக இருக்கிறதா? தேன் வியாபாரத்தில் இருப்புதான் பெரிய தலைவலி: வாங்குவது கிலோவில், விற்பது அரைக் கிலோ பாட்டிலில், நடுவில் வடிகட்டும்போது கொஞ்சம் குறையும். ஏத்தங்காய் சிப்ஸ் போடுபவர்களுக்கு ஓணம் சமயம்தான் சோதனை. அந்த வாரங்களில் பில்களை அன்றன்றே ஏற்ற முடியவில்லை என்றால் மாறிவிடுங்கள்.

படி 4: பழைய மாதத்தை வைத்துச் சோதியுங்கள்

ஸோஹோ புக்ஸ், வியாபார், டேலி போன்றவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, முடிந்துபோன ஒரு மாதத்தின் பில்களை அப்படியே ஏற்றுங்கள். விடை ஏற்கெனவே தெரியும் என்பதால் தப்பு உடனே தெரியும். ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்) தாக்கலுக்கான கோப்பு சரியாக வருகிறதா, ஆடிட்டருக்குத் தனி லாகின் தர முடிகிறதா என்று பாருங்கள். முழுக் கணக்கையும் எக்ஸெல் கோப்பாக வெளியே எடுக்க முடியாத மென்பொருளை வாங்காதீர்கள். பேச்சிப்பாறைப் பக்கம் இருப்பவர்கள், நெட் இல்லாதபோது பில் போட முடிகிறதா என்றும் பாருங்கள்.

இப்போது விலையைக் கேளுங்கள். மாதச் சந்தாவா, வருடச் சந்தாவா, எத்தனை பேர் பயன்படுத்தலாம் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

படி 5: ஏப்ரல் 1-ல் மாறுங்கள்

மார்ச் 31 இரவு கையிருப்பு, வங்கி இருப்பு, சரக்கு, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது ஆகிய ஐந்தையும் எழுதி, மென்பொருளில் தொடக்க இருப்பாக ஏற்றுங்கள். ஏப்ரல் மாதம் மட்டும் எக்ஸெலிலும் சேர்த்து எழுதி, மாதக் கடைசியில் இரண்டின் பாக்கிப் பட்டியலையும் ஒப்பிடுங்கள். பழைய கோப்பை அழிக்க வேண்டாம். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர், அந்தந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்கைப் பாதுகாக்க வேண்டும்.