ஹீட் பம்ப் போடப் போகிறீர்களா? மெஷினைக் கடைசியில் பாருங்கள்

வீட்டைக் குளிரில் சூடாக்கவும் கோடையில் குளிர்விக்கவும் ஹீட் பம்ப் போடலாம் என்று மனது வைத்த உடனே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை டன்?", அடுத்தது "எந்த கம்பெனி?". இரண்டையும் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். பெயர் பெற்ற மெஷினையே வாங்கினாலும், அளவு தப்பி, இடம் தப்பி, தேவைக்கு மேல் சூடான தண்ணீரை ஓட்டிக்கொண்டிருந்தால் கரண்ட் பில்லும் ஏறும், வீடும் இதமாக இருக்காது. வீட்டைச் சரியாக அளந்து போட்டால் சுமாரான மெஷின்கூட சத்தம் காட்டாமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஏசி எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவருக்கு ஹீட் பம்ப் பாதி தெரிந்த மாதிரிதான். அதே கம்ப்ரஸர், அதே கேஸ், கூடவே கேஸ் ஓடும் திசையை மாற்றிவிடும் நான்கு வழி வால்வு ஒன்று, அவ்வளவுதான். கோடையில் உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது, குளிர்காலத்தில் வெளியே இருக்கும் வெப்பத்தை உள்ளே கொண்டுவருகிறது. வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. அதனால்தான் 1 யூனிட் கரண்டுக்கு 3, 4 யூனிட் வெப்பம் கிடைக்கிறது. ஆனால் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறதோ அவ்வளவுக்குக் கயிறு இழுத்தாக வேண்டும். இங்கே அந்த ஆழம், வெளிக்காற்றின் சூட்டுக்கும் நீங்கள் வீட்டுக்குள் அனுப்பும் தண்ணீரின் அல்லது காற்றின் சூட்டுக்கும் உள்ள இடைவெளி. வெளியே 7 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது, 35 டிகிரி தண்ணீர் கொடுத்தால் 4.5 மடங்கை ஒட்டி வெப்பம் தரும் மெஷினை 55 டிகிரிக்கு ஓட்டினால் 3 மடங்கை எட்டுவதே பாடு. தண்ணீரை ஒரு டிகிரி குறைத்தால் செலவில் 2 முதல் 3 சதவீதம் மிச்சம் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். கீழே சொல்லப்போகும் முக்கால்வாசி விஷயம் இந்த இடைவெளியை எப்படிக் குறைப்பது என்பதுதான்.

முதல் வேலை, ஒவ்வொரு அறையும் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று கணக்குப் போடுவது. மொத்த வீட்டுக்கும் "இத்தனை சதுர அடிக்கு ஒரு டன்" என்று வாய்க்கணக்கு சொல்பவரிடம் ஒரு நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஓர் அறையை எடுத்துப் பார்ப்போம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம், மேல்மாடி அறை, நீளப் பக்கச் சுவர் மட்டும் வெளியே பார்க்கிறது, அதில் 3 சதுர மீட்டருக்கு ஜன்னல். உள்ளே 20 டிகிரி வேண்டும், வெளியே கடும் குளிரில் மைனஸ் 5, ஆக வித்தியாசம் 25. சுவரோ கூரையோ ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் கசியவிடுகிறது என்பதுதான் அதன் யூ மதிப்பு. பரப்பு, யூ மதிப்பு, வித்தியாசம் மூன்றையும் பெருக்கினால் போதும். சுவர் 10.5 சதுர மீட்டர், யூ மதிப்பு 0.5 என்றால் 131 வாட். இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு 1.6 என்று வைத்தால் 120 வாட். இன்சுலேஷன் போட்ட கூரைக்கு 0.25 என்று வைத்தால் 125 வாட். இதுவரை 376 வாட்தான். இப்போது காற்றைச் சேருங்கள்: அறையின் கொள்ளளவு 54 கன மீட்டர், இடுக்குகள் வழியாக மணிக்கு ஒரு தடவை உள்ளே இருக்கும் காற்று முழுக்க மாறுகிறது என்றால், 54 ஐ 0.33 ஆலும் (ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வாட் மணி) 25 ஆலும் பெருக்க வேண்டும், 446 வாட். சுவர், ஜன்னல், கூரை மூன்றும் சேர்ந்து விடுவதைவிட கதவிடுக்கு விடுவது அதிகம்! மொத்தம் 822 வாட். இடுக்குகளை அடைத்து காற்று மாற்றத்தைப் பாதியாக்கினால் அதுவே 600 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஜன்னலை மாற்றுவதற்கு முன்னால் ரப்பர் பட்டியும் சீலண்டும் வாங்கச் சொல்வது இதனால்தான். ஒன்று, முழுக்க அடைத்துவிட்டு மூச்சு முட்டவும் வேண்டாம். இடுக்கு வழியாகத் தன் இஷ்டத்துக்கு வரும் காற்றை நிறுத்தி, வெளியேறும் காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு புதுக் காற்றை உள்ளே விடும் வென்டிலேஷன் வைப்பது உத்தமம்.

எல்லா அறைக்கும் இப்படிப் போட்டுக் கூட்டினால் வீட்டின் தேவை கிடைத்துவிடும். வெளிச் சூடாக எதை எடுப்பது? நூற்றாண்டில் ஒரு நாள் வந்த குளிரை எடுக்காதீர்கள். உங்கள் ஊருக்கென்று வரையறுத்த வடிவமைப்பு வெப்பநிலை இருக்கும், அதாவது வருடத்தில் 99 சதவீத மணி நேரம் அதைவிடக் கீழே போகாத அளவு. அதை எடுத்தால் போதும்.

ஏற்கனவே கேஸ் எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி வீட்டுக்குள் அனுப்பும் பாய்லர் ஓடும் வீடு என்றால் கணக்கைச் சரிபார்க்க சுலபமான வழி இருக்கிறது. நல்ல குளிர் நாளில் மீட்டரை ஒரு தடவை பாருங்கள், சரியாக 24 மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். 120 கிலோவாட் மணி கேஸ் எரிந்திருக்கிறது, பாய்லரின் திறன் 85 சதவீதம் என்றால் வீட்டுக்குள் வந்தது 102. அதை 24 ஆல் வகுத்தால் 4.25 கிலோவாட். குளித்த வெந்நீரும் அதில்தான் இருக்கிறது. அன்றைக்கு இருந்ததைவிட வடிவமைப்புக் குளிர் கூடுதலாக இருந்தால் அந்த விகிதத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்த வீட்டுக்குப் போய் 12 கிலோவாட் மெஷினைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், "பெருசா இருந்தா நல்லதுதானே" என்ற அந்தப் பழைய வசனத்தோடு.

நல்லதல்ல. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்தான், ஆனால் அதற்கும் ஒரு அடிமட்டம் உண்டு. 12 கிலோவாட் மெஷின் 4 கிலோவாட்டுக்குக் கீழே இறங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தின் பெரும்பாலான நாட்களில் உங்கள் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். அப்போது அது போடுவதும் அணைப்பதுமாகவே நாள் முழுக்க இருக்கும், செலவு கூடும், கம்ப்ரஸரும் சீக்கிரம் தேயும். அதனால் கேட்லாக்கில் அதிகபட்சத் திறனைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் குறைந்தபட்சத் திறன் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள், பல சமயம் அதைப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அப்புறம் இன்னொன்று: பெட்டியின் மேல் எழுதியிருக்கும் கிலோவாட் 7 டிகிரிக்கு உரியதாக இருக்கலாம். மைனஸ் 5 இல் அது எவ்வளவு தரும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்போது வெப்பத்தை அறைக்குள் விடும் பக்கம். ரேடியேட்டர், அதாவது உள்ளே சூடான தண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் உலோகப் பலகை, உள்ள வீட்டில் எல்லாவற்றையும் பிடுங்கி எறியத் தேவையில்லை, ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். கேட்லாக்கில் 1500 வாட் என்று போட்டிருந்தால் அது தண்ணீரின் சராசரிச் சூடு அறையைவிட 50 டிகிரி அதிகமாக இருக்கும்போது தருவது. வித்தியாசம் 25 ஆகக் குறைந்தால் தருவது பாதி இல்லை, 40 சதவீதம்தான், 610 வாட். மேலே பார்த்த அறையில் இந்த ரேடியேட்டர் இருந்தால், இடுக்குகளை அடைத்த பிறகு 48 டிகிரித் தண்ணீரை அனுப்பினால் போதும், 43 இல் திரும்பினால் சராசரி 45 ஐ ஒட்டி இருக்கும். அடைக்காமல் விட்டால் 54 வேண்டும். ரேடியேட்டரையே 2500 வாட் அளவுக்கு மாற்றினால் 40 க்குக் கீழே வந்துவிடலாம். வீடு முழுக்க இந்தக் கணக்கைப் போட்டால், அநேகமாக ஒன்றிரண்டு அறைகள்தான் மொத்த வீட்டின் தண்ணீரையும் சூடாக்கச் சொல்லி அடம்பிடிப்பது தெரியும். அந்த ஒன்றிரண்டு ரேடியேட்டரை மட்டும் மாற்றுங்கள், மெஷினுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைவிட அங்கே போடும் பணம் நன்றாகப் பேசும்.

தரைக்குள் குழாய் பதிப்பது இன்னும் உசத்தி, 35 டிகிரியை ஒட்டிய தண்ணீரே போதும். ஆட்கள் புழங்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது நியதி, தாண்டினால் பாதம் சொல்லிவிடும். தண்ணீர் வழி அமைப்பு எதுவானாலும் குழாயின் குறுக்களவைப் பாருங்கள்: போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 5 டிகிரி வித்தியாசம் வைத்தால் 6 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 17 லிட்டர் ஓட வேண்டும். பாய்லருக்கென்று போட்ட மெல்லிய குழாய் சில வீடுகளில் இதற்கே திணறும்.

டக்ட் வழியாகக் காற்றை அனுப்பும் வீடு என்றால் ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு சுமார் 400 கன அடி காற்று என்பது வழக்கமான அளவு. எரிபொருளை எரித்துக் காற்றைச் சூடாக்கும் ஃபர்னஸ் தரும் காற்றைவிட ஹீட் பம்ப் தரும் காற்று சூடு குறைந்தது, ஆகவே அதிகமாக ஓட வேண்டும். ஒடுங்கிய பழைய டக்டில் அதைத் திணித்தால் இரைச்சல்தான் மிஞ்சும். இன்சுலேஷனுக்கு மேலே, வெறும் கூரைக்கடியில் டக்ட் ஓடினால் இணைப்புகளை மாஸ்டிக் என்ற கெட்டிப் பசையைப் பூசி அடைப்பது கட்டாயம்.

குளிரூட்டும் கணக்கு வேறு மாதிரி. இங்கே எதிரி வெளிக்காற்றைவிட வெயில். மேற்குப் பார்த்த ஜன்னலில் மாலை வெயில் விழுந்தால் அந்த ஒரு அறை மட்டும் தனிக் கணக்காகிவிடும். திரை உள்ளே போடுவதைவிட மறைப்பை வெளியே போடுவது பல மடங்கு மேல், கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரை தடுத்து என்ன பயன், வெப்பம் அறைக்குள் வந்தாகிவிட்டதே.

இரண்டாவது ஈரப்பதம். பெரிய மெஷின் காற்றைச் சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடும், காயிலில் நீர் கோத்து வடிந்து வெளியே போக நேரமே இருக்காது. 23 டிகிரி காட்டும், ஆனால் உடம்பு பிசுபிசுக்கும், துணிகளில் ஒரு புழுக்க வாடை வரும். சின்ன மெஷின் நீண்ட நேரம் மெதுவாக ஓடினால் 26 டிகிரியிலேயே சுகமாக இருக்கும், மின்விசிறியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கம்ப்ரஸர் நின்ற பிறகும் உள்யூனிட்டின் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தால் காயிலில் நிற்கும் ஈரம் அறைக்கே திரும்பிவிடும், ஈரப்பசை மிகுந்த இடங்களில் அதை ஆட்டோவில் வையுங்கள். தரைக்குழாயில் குளிர்நீர் விட்டுக் குளிர்விப்பவர்கள் பனிநிலையைக் கவனிக்க வேண்டும்: 26 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்றால் 17.6 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பும் வியர்க்கத் தொடங்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஈரத்தை இழுக்கத் தனியாக ஒரு யூனிட் இல்லாமல் தரையை மட்டும் நம்ப முடியாது.

தெர்மோஸ்டாட் 21 காட்டியும் குளிருகிறது என்றால் மெஷினைத் திட்டுவதற்கு முன் உட்காரும் இடத்தைப் பாருங்கள். குளிர்ந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் உடம்பு அந்தக் கண்ணாடிக்கு வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும், காற்றின் சூடு எதுவானாலும். உள்யூனிட் காற்று சோபாவில் இருப்பவர் கழுத்திலோ கட்டிலின் தலைமாட்டிலோ நேராக விழக் கூடாது, இதைத் துளை போடுவதற்கு முன்பே காகிதத்தில் வரைந்து பார்த்துவிட வேண்டும்.

அவுட்டோர் யூனிட்டை ஒளித்து வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சுற்றிலும் அடைத்தால் அது தான் ஊதிய காற்றையே திரும்ப இழுக்கும், கூண்டு போட்டு அழகு பார்த்தால் திறன் போய்விடும். குளிரில் வெளியே 0 முதல் 5 டிகிரி வரை ஈரக் காற்று இருக்கும்போது காயிலில் உறைபனி படியும், சில நிமிடம் மெஷின் திசை மாறி ஓடி அதை உருக்கும், அப்போது ஆவி கிளம்புவதைப் பார்த்துத் தீப்பிடித்துவிட்டதென்று பயப்பட வேண்டாம். உருகிய தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் விஷயம். நடைபாதையில் வடிந்தால் இரவில் உறைந்து காலையில் யாராவது வழுக்கி விழுவார்கள். தரையிலிருந்து உயர்த்தி, கீழே சரளை போட்டு, பனி கொட்டும் ஊர் என்றால் பனி நிற்கும் உயரத்துக்கு மேல் நிறுத்துங்கள். அண்டைவீட்டார் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே வேண்டாம், உங்கள் படுக்கையறைச் சுவரிலும் தொங்கவிட வேண்டாம், அதிர்வு சுவர் வழியாக வரும்.

வெந்நீர்: தொட்டியின் காயில் ஹீட் பம்புக்கென்று பெரிதாகச் செய்ததா என்று கேளுங்கள், பாய்லர் தொட்டியின் சிறு காயில் போதாது. தினசரி 48, 50 டிகிரி போதும், ஆனால் 20 முதல் 45 டிகிரி வரை நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும் என்பதால் அவ்வப்போது 60 க்கு ஏற்றும் ஏற்பாடு இருக்க வேண்டும்.

கடைசியாகக் கன்ட்ரோல், பாதி வீடுகள் கோட்டைவிடும் இடம். வெளியே குளிர் கூடக்கூடத் தண்ணீர்ச் சூட்டைத் தானாக ஏற்றி, குறையக்குறைய இறக்கும் வெதர் காம்பென்சேஷன் எல்லா நல்ல மெஷினிலும் இருக்கும், பொருத்துபவர் பல சமயம் அதை அணைத்து 55 இல் நிறுத்திவிட்டுப் போய்விடுவார். அதைப் போடுங்கள். எல்லா அறை வால்வையும் முழுக்கத் திறந்து வைத்து, குளிர்நாள் ஒன்றில் அது அனுப்பும் தண்ணீர்ச் சூட்டை ஒரு டிகிரி இறக்குங்கள், இரண்டு நாள் விடுங்கள், அறை இதமாகவே இருந்தால் இன்னும் ஒரு டிகிரி. ஏதோ ஓர் அறை குளிரத் தொடங்கும் இடத்தில் ஒரு படி மேலே ஏற்றி நிறுத்துங்கள். இரவில் 5 டிகிரி இறக்கிக் காலையில் ஏற்றும் பாய்லர் காலத்துப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விடியற்காலையில் மெஷின் முழு வேகத்தில் கொதித்துக்கொண்டு ஓடும், போதாததற்குத் துணை ஹீட்டரும் சேர்ந்துகொள்ளும், அது 1 யூனிட்டுக்கு 1 யூனிட் மட்டுமே தருவது. அந்தத் துணை ஹீட்டர் எந்த வெளிவெப்பநிலைக்குக் கீழே வேலை செய்ய அனுமதித்திருக்கிறார்கள் என்பதை மெனுவுக்குள் போய் நீங்களே பாருங்கள், பொருத்தியவர் கிளம்புவதற்கு முன்பே.